ஐந்தாவது முகமும் நாலாவது வரியும்

மூன்று வாரத்துக்கு முன்பு, ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே காலுக்கு, மடவளையிலிருந்து ஃபஸ்னா தொலைபேசியில் அழைத்தார். ஒரு காலத்தில் என்னிடம் சீன மொழி படித்தவர். கண்டி வாவிக்குச் சற்று மேலே இருக்கும் மொழி நிலையத்தில், நான் ஓய்வுபெற்று விட்டுவந்த கதிரையில் இப்போது அவர்தான் உட்கார்ந்து படிப்பிக்கிறார்.

"டீச்சர், நம்மட நிலையத்துல மாணவர் நலன் எண்டு புதுசா ஒண்டு தொடங்கி ஈக்குது. வகுப்பு முடிஞ்சதும் போன்ல ஒரு முகத்தத் தொடணும். அழுற முகத்துலருந்து சிரிக்கிற முகம் வரைக்கும் அஞ்சு முகம். மூணு மாசமா எல்லாரும் அஞ்சாவது முகத்தத்தான் தொடுறாங்க!"

"எல்லாருமா?"

"ஒராள் விடாம! மேல ஈக்கிறவங்களுக்குப் பெரிய சந்தோஷம். புது டீச்சர்மாருக்குக் குடுக்க நீங்க ஒரு பக்கம் எழுதித் தாங்களே. பிள்ளைகளச் சந்தோஷமா வெச்சு எப்படிப் படிப்பிச்சீங்க எண்டு. ஒரே ஒரு பக்கம், டீச்சர்."

சரி என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன். வைத்த பிறகுதான் 'ஒராள் விடாம' என்ற சொல் உறுத்தியது. எழுந்து போய் அலுமாரியைத் திறந்தேன்.

அலுமாரியின் கீழ்த்தட்டில் என் டயரிகள் இருக்கின்றன. வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பதிவு: என்ன கிழமை, மழையா வெயிலா, வகுப்புக்கு யார் வந்தார்கள், யார் வரவில்லை, என்ன படித்தோம். நான் வரலாறு படித்தவள் அல்ல. ஆனால் நாளும் நேரமும் இல்லாமல் ஒரு விஷயத்தைச் சொல்ல எனக்கு வராது. என் தங்கை இதை வியாதி என்பாள். அன்று நான் தேடியது ஒரே ஒரு டயரியை. கொரோனா முடிந்து சீனப் பயணிகள் மீண்டும் வரத் தொடங்கிய வருடத்தின் டயரி அது. அதில் வகுப்புக்கென்று நான் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட ஒரு அட்டவணை இருந்தது. ஒரு பெயருக்கு நேரே, வருடத்தின் முதல் ஏழு மாதமும் ஒரு பத்தி நிரம்பியிருந்தது. பக்கத்துப் பத்தி அந்த ஏழு மாதமும் காலியாக இருந்தது. அந்தப் பெயர் பாக்கியம்.

பாக்கியத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் நான் யார் என்று இரண்டு வரி. என் அப்பா தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து ஆபீஸில் பியூன். நான் கண்டியில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படித்து, ஒரு இரத்தினக்கல் வியாபாரியிடம் தட்டெழுத்து வேலைக்குப் போனேன். கல் வாங்க வந்த சீனக்காரர்களோடு கைச்சாடையில் பேசிப் பேசி, இந்த மொழியை ஒழுங்காகப் படித்தால் என்ன என்று தோன்றிவிட்டது. ஒரு புலமைப்பரிசில் கிடைத்தது. இரண்டு குளிர்காலம் சீனாவில் நடுங்கினேன். திரும்பி வந்து ஓய்வுபெறும்வரை படிப்பித்தேன். பயிற்சி என்றால் அந்த இரண்டு குளிர்காலம்தான். நான் உண்மையில் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகு, நிலையத்துக்குத் தலைமை ஆசிரியையாக வந்த ஷு லாவ்ஷியிடம். 'லாவ்ஷி' என்றால் ஆசிரியர். பெயருக்குப் பின்னால் சேர்த்துச் சொல்வது அவர்கள் வழக்கம்.

ஷு லாவ்ஷி என்னைவிட எட்டு வயது இளையவர். ஒல்லியான உடம்பு, குட்டையாக வெட்டிய முடி, கையில் எப்போதும் ஒரு சுடுநீர்ப் போத்தல். வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாக வருவார். கரும்பலகையை மேல் இடது மூலையில் தொடங்கி வலப்பக்கமாக, நெல் வயலில் வரம்பு போடுகிற மாதிரி நேராகத் துடைப்பார். மாணவர் பேச எழுந்தால் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். ஏன் என்று முதல் வாரமே கேட்டேன்.

"கை முன்னால் இருந்தால் அது திருத்தப் போய்விடும். வாக்கியம் முடியும்வரை அது அவருடைய வாக்கியம். முடிந்த பிறகுதான் நம்முடையது" என்றார். எங்கள் இருவருக்கும் சீன மொழியிலேயே பேச்சு. இங்கே நான் தமிழில் எழுதுகிறேன்.

அவர் தன் நாட்டில் நேர்மறை உளவியல் படித்தவர். மனிதருக்கு என்ன கோளாறு என்று மட்டும் பார்க்காமல், அவர் எப்போது தழைக்கிறார் என்று பார்க்கும் துறை அது. நானும் பிறகு தேடித்தேடி வாசித்தேன். அன்னிய மொழி படிப்பவருக்கு வகுப்பறையில் இருக்கும் பயம் வேறு எந்தப் பாடத்திலும் இல்லை என்பார் ஷு லாவ்ஷி. கணக்கில் பிழை விட்டால் கணக்குத்தான் பிழை. மொழியில் பிழை விட்டால் வாயைத் திறந்த மனிதரே பிழையாகிவிட்டதாகத் தோன்றும். ஐம்பது வயதுக்காரர் ஐந்து வயதுப் பிள்ளையின் வாக்கியத்தை எல்லார் முன்னாலும் சொல்லித் தடுமாற வேண்டும். அந்தத் தடுமாற்றத்திலும் ஒரு சந்தோஷம் இருந்தால்தான் அடுத்த வாரமும் வருவார்.

அதற்காக அவர் இரண்டு நடைமுறைகள் வைத்திருந்தார்.

ஒன்று, 'நல்லது மூன்று'. எல்லாரிடமும் ஒரு கட்டம் போட்ட கொப்பி. வகுப்புத் தொடங்கியதும் போன வாரத்தில் தனக்கு நடந்த நல்லவை மூன்றை, தெரிந்த சீனத்தில், எழுத வேண்டும். ஒன்றை எழுந்து வாசிக்க வேண்டும். இரண்டாவது, 'அழகான பிழை'. வகுப்பு முடியும்போது அன்றைக்கு விட்ட பிழைகளில் மிக அழகானதை எல்லாரும் சேர்ந்து தெரிவு செய்வோம். அது பலகையின் வலது மூலையில் அடுத்த வாரம்வரை அழிக்கப்படாமல் இருக்கும், பிழைவிட்டவருக்குக் கைதட்டல். இதற்கு ஒரே ஒரு நிபந்தனை. சொந்தமாக ஒன்றைச் சொல்ல முயன்றபோது விட்ட பிழையாக இருக்க வேண்டும். மனப்பாடம் செய்ததைத் தப்பாகச் சொன்னால் செல்லாது. அந்தக் காலத்து ஃபஸ்னா ஐந்து தடவை வென்றார். ஒருநாள் தன் வாப்பாவின் கடையை விற்கப்போவதாக அறிவித்துவிட்டார். சொல்ல நினைத்தது கடையைக் கூட்டிப் பெருக்கியதாக. அந்த வாக்கியம் ஒரு வாரம் பலகையில் நின்றது.

இதில் நான் சொந்தமாக ஒன்றைச் சேர்த்தேன். 'நல்லது மூன்று' முழுமையாக எழுதி வந்தால் கொப்பியில் ஒரு ரோஸ் நிற நட்சத்திரம் ஒட்டினேன். புத்தகக் கடையில் தாள் தாளாக வாங்கி வைத்திருந்தேன்.

ஷு லாவ்ஷி ஒருநாள் அதைப் பார்த்தார். "நட்சத்திரம் எதற்கு?"

"ஊக்கத்துக்கு."

ஒரு வாய் சுடுநீர் குடித்தார். தனக்குக் கீழே இருப்பவர் தானாகக் கண்டுபிடிக்கட்டும் என்று அவர் விட்டுவிடும்போதெல்லாம் இப்படித்தான் சுடுநீர் குடிப்பார். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பாக்கியம் வந்தது மாசி மாதத்து ஒரு சனிக்கிழமை. நாற்பத்தாறு வயது. ஹுன்னஸ்கிரியப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பதினெட்டு வருடம் சல்லடைப் பகுதியில் வேலை. தேயிலைத் தூசி நெஞ்சில் இறங்கி, படியேறினால் இருமல் வரும். சீனப் பயணிகள் பஸ் பஸ்ஸாக வரத் தொடங்கியதும், அவர்களைத் தொழிற்சாலைக்குள் கூட்டிப் போய்க் காட்ட ஒரு ஆள் வேண்டும் என்று நிர்வாகம் தேடியது. பாக்கியம் கையைத் தூக்கியிருக்கிறார். தற்காலிகமாகக் கொடுத்தார்கள். வருடக் கடைசியில் எங்கள் நிலையத்தின் வாய்மொழிப் பரீட்சையில் சித்தியடைந்தால் அந்த வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் பழையபடி சல்லடைக்கு.

"தூசிக்குத் திரும்பிப் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டேன் டீச்சர். என்ன பாசை வேணும்னாலும் பேசுறேன்" என்றார் முதல் நாள்.

இப்படி ஒரு மாணவியை நான் அதற்கு முன் கண்டதில்லை. காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறி, எல்லாருக்கும் முன்பே வகுப்பில் இருப்பார். நான் அவருக்காகத் தொழிற்சாலைச் சுற்றுலாவை நாற்பது வாக்கியங்களாக எழுதிக் கொடுத்தேன். 'வணக்கம், எங்கள் தொழிற்சாலைக்கு நல்வரவு' என்று தொடங்கி, கொழுந்து வாட்டும் மாடி, உருட்டும் இயந்திரம், உலர்த்தும் அடுப்பு என்று போகும். மூன்றே வாரத்தில் நாற்பதையும் ஒரு மூச்சில் சொன்னார். ஒரு பிழை இல்லை.

'நல்லது மூன்று' கொப்பியும் அப்படித்தான். ஒவ்வொரு வாரமும் மூன்று வரி: 'இன்று வானிலை நல்லது. ஆசிரியை நல்லவர். இங்கே தேநீர் நல்லது.' ஒவ்வொரு வாரமும் நான் நட்சத்திரம் ஒட்டினேன். மற்றவர்களுக்கு அந்தக் கொப்பியைத் தூக்கிக் காட்டவும் செய்தேன்.

"பாக்கியம் அக்காவோட கொப்பி இல்ல அது, வானம்" என்பார் ஃபஸ்னா. "ஒரு நட்சத்திரம் கடன் தாங்க அக்கா."

"வச்சுக்கம்மா, எனக்கு இருக்கு நெறைய" என்று பாக்கியம் சிரிப்பார்.

ஆவணி மாதம் ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து பலகையைத் துடைத்துக்கொண்டிருந்த ஷு லாவ்ஷி, முகத்தைத் திருப்பாமலே சொன்னார்: "பாக்கியம் ஒருமுறைகூடப் பிழை விடவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது."

நான் சிரித்தேன். "நம்முடைய சிறந்த மாணவி அவர்."

அவர் போத்தலைத் திறந்து சுடுநீர் குடித்தார்.

அடுத்த சனி பாக்கியம் வரவில்லை. அதற்கடுத்த சனியும் இல்லை. தொலைபேசியில் கேட்டேன். "ஒண்ணுமில்லீங்க டீச்சர். எல்லாம் நல்லா இருக்கு. கொஞ்சம் வேல" என்றார். மூன்றாவது சனியும் வராதபோது ஷு லாவ்ஷி என்னிடம் கேட்டார்: "அவர் என்ன சொன்னார்? சொன்னதை அப்படியே சொல்லுங்கள்."

ஒண்ணுமில்லீங்க, எல்லாம் நல்லா இருக்கு. அதைச் சீனத்தில் மாற்றிச் சொல்ல வாயெடுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. இந்த வாக்கியத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறேன். தோட்டத்துக்கு யாராவது பெரிய ஆள் வந்து, என்ன குறை என்று கேட்டால், என் அப்பா சொல்லும் வாக்கியம் அது. நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீட்டின் கூரை ஒழுகிக்கொண்டிருந்த மழைநாளில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, அதே வாக்கியத்தைத் தோட்டத்துத் துரையிடம் சொன்னார். பக்கத்தில் நின்றவள் நான். ஆபீஸ் கேட்டால் 'எல்லாம் நல்லா இருக்கு'. அது பதில்கூட இல்லை, கும்பிடு மாதிரி ஒரு மரியாதை. ஏழு மாதமாக பாக்கியம் எனக்கும் அந்தக் கும்பிட்டைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். நான் அதற்கு நட்சத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் வளராத ஒருவர் இந்தத் தவறைச் செய்தால் மன்னிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை மஹியங்கனை பஸ்ஸில் ஏறினேன். திகன, தெல்தெனிய தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் மழை. ஹுன்னஸ்கிரியவில் இறங்கும்போது பத்து நாற்பது.

பாக்கியம் என்னைக் கண்டதும் பதறிப்போனார். "ஐயோ டீச்சர், இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க? வாங்க, உள்ள வாங்க. ஒக்காருங்க." ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டார். தேநீர் போட்டார். நான் வாழ்க்கையில் குடித்த நல்ல தேநீர்களில் அது ஒன்று: சிவப்பாக, இஞ்சி தட்டி, தொண்டையில் இறங்கும்போதே நிற்கச் சொல்லும்.

"இது என்ன தேயிலை, பாக்கியம்?"

"தூளுதாங்க. நல்லதெல்லாம் கப்பல் ஏறிப் போயிருமே. நாங்க குடிக்கிறது தூளு."

"சரி. எதுக்கு வகுப்புக்கு வரல?"

"ஒண்ணுமில்லீங்க டீச்சர், எல்லாம் நல்லா..."

"பாக்கியம், நானும் லயத்துல பொறந்தவதான். எங்கிட்ட அதைச் சொல்லாதீங்க."

அவர் கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னார்.

ஒரு பஸ் நிறையச் சீனப் பயணிகள் வந்திருக்கிறார்கள். வாசலில் தொடங்கி இருபத்திரண்டு வாக்கியம் தடங்கலில்லாமல் போயிருக்கிறது. உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு அம்மா, சிரித்த முகத்தோடு, ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "நீங்கள் வீட்டில் இந்தத் தேநீர்தான் குடிப்பீர்களா?"

"அந்தக் கேள்வி வெளங்கலையா?"

"வெளங்குச்சு டீச்சர்! ஒவ்வொரு வார்த்தையும் வெளங்குச்சு. அதுதானே. வீட்டுல குடிக்கிறது தூளுன்னு எப்புடிச் சொல்றது? நீங்க எழுதிக் குடுத்த நாப்பதுல எல்லாம் நல்லா இருக்குன்னுதானே இருக்கு. தூளுக்கு அதுல எடமில்லையே. வாய் அடைச்சுப் போச்சு. அப்புறம் என்ன பண்றதுன்னு தெரியாம, மொதல்லருந்து ஆரம்பிச்சுட்டேன்."

"என்னது?"

"வணக்கம், எங்கள் தொழிற்சாலைக்கு நல்வரவுன்னு. மெசினுக்கு நடுவுல நின்னுக்கிட்டு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அவரும் ஒரு கணம் முறைத்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அவங்களும் இப்புடித்தான் சிரிச்சாங்க. கெட்ட சிரிப்பு இல்ல. ஆனா நான் ஓடிப்போய் மாடியில, வாடுற கொழுந்துக்குப் பின்னால ஒளிஞ்சுக்கிட்டேன் டீச்சர், அந்த பஸ் போறவரைக்கும். டீமேக்கர் ஐயாதான் மிச்சத்தைச் சுத்திக் காட்டுனாரு. நாப்பத்தாறு வயசுல ஒளிஞ்சிருக்கேன். இனி எந்த மூஞ்சியோட வர்றது?"

டீமேக்கர், தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் அதிகாரி, அவரை இன்னும் சல்லடைக்கு அனுப்பவில்லை. பரீட்சைவரை பார்ப்போம் என்றிருக்கிறார். பரீட்சைக்குப் பன்னிரண்டு வாரம் இருந்தது. "சனிக்கிழமை வாங்க. ஒண்ணும் நல்லா எழுத வேணாம். சும்மா வாங்க" என்று சொல்லிவிட்டு நான் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலை ஷு லாவ்ஷியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நட்சத்திரத் தாள்களையும் மேசையில் வைத்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தோஷத்துக்கு மதிப்பெண் போட்டால், எல்லாரும் சந்தோஷத்தை மனப்பாடம் செய்வார்கள்" என்றார். "என் பிழையும் இருக்கிறது. பார்த்தேன், சும்மா இருந்தேன். பாக்கியத்தை நினைத்துப் பயந்த அன்றே உங்களிடம் உடைத்துச் சொல்லியிருக்க வேண்டும். நான் சுடுநீர் குடித்தேன்."

என் மேலதிகாரி தன் சொந்தப் பழக்கத்தையே குற்றமாகச் சொல்லும்போது சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தச் சனிக்கிழமை முதல் கொப்பியில் நாலாவது வரி வந்தது. நல்லது மூன்று, பிடிக்காதது ஒன்று. நட்சத்திரம் கிடையாது. அன்றைய பாடத்தையும் ஷு லாவ்ஷி மாற்றினார். புத்தகத்தை மூடிவிட்டு, முறைப்பாடு சொல்வது எப்படி என்று ஒரு மணிநேரம் படிப்பித்தார். சூடு அதிகம். கால் வலிக்கிறது. எனக்கு இது வேண்டாம். எல்லாவற்றுக்கும் கடைசியாக ஒரு வாக்கியத்தைப் பலகை நிறைய எழுதினார்: 'எனக்கு விளங்கவில்லை. தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள்.' அதை வகுப்பே கூரை அதிரச் சொன்னது. முறைப்பாடு சொல்லக் கிடைத்தால் மனிதருக்கு எவ்வளவு உற்சாகம் வருகிறது என்பதை அன்று பார்த்தேன். ஃபஸ்னா தன் தம்பி, மடவளை பஸ், மழை, சீன எழுத்துக்கள் என்று நான்கு வரியில் நிற்காமல் ஒரு பக்கம் எழுதினார்.

பாக்கியம் வந்திருந்தார். ஆனால் நாலாவது வரியில் 'ஒன்றுமில்லை' என்று எழுதினார். அடுத்த வாரமும் ஒன்றுமில்லை. பதினொன்று, பத்து என்று வாரங்கள் குறைந்துகொண்டிருந்தன. நான் டயரியில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது வாரம், இடைவேளையில் நிலையத்துத் தேநீர் வந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். காலையில் போட்டு ஒரு பெரிய பிளாஸ்கில் அடைத்து, மத்தியானம்வரை ஊற்றுவார்கள். வெளிறிய நிறம், வெந்நீரில் தேயிலையின் ஞாபகம் மட்டும் இருக்கும். பாக்கியம் ஒரு வாய் குடித்தார். கோப்பையை வைத்தார். ஷு லாவ்ஷி அவரைப் பார்த்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

பாக்கியம் எழுந்து நின்றார். 'நல்லதல்ல' என்ற சொல் அவசரத்துக்கு வரவில்லை போலிருக்கிறது. முந்தைய வாரம் வைத்தியரிடம் போகும் பாடம் படித்திருந்தோம். அதிலிருந்து எடுத்து, சீனத்தில், தெளிவாகச் சொன்னார்:

"இந்தத் தேநீருக்கு உடம்பு சரியில்லை."

வகுப்பு வெடித்தது. ஃபஸ்னா மேசையில் தலையை வைத்துவிட்டார். பாக்கியம் நிறுத்தவில்லை. ஏழு மாதத்தையும் சேர்த்து வந்தது: "காலையிலிருந்து உடம்பு சரியில்லை. இதற்கு வயது அதிகம். இதற்கு நிறம் இல்லை. தண்ணீர் சூடில்லை. நான் தேநீர்த் தொழிற்சாலை! எனக்குக் கோபம்!" பிறகு தமிழில், என்னைப் பார்த்து: "தூளுன்னாலும் அதுக்கு ஒரு மரியாதை வேணும்ல டீச்சர்?"

"அப்ப எதுக்கு அக்கா ஏழு மாசமா தேத்தண்ணி நல்லம் எண்டு எழுதினீங்க?" என்று ஃபஸ்னா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க ஓசியில குடுக்குறீங்க. நான் எப்புடிங்க கொறை சொல்றது?"

பதினெட்டு வருடம் தேயிலையோடு வாழ்ந்த ஒரு பெண் அந்தத் திரவத்தை வாரா வாரம் 'நல்லது' என்று எழுதியபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நானும் அதைத்தானே குடித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைய 'அழகான பிழை' எது என்று யாரும் கேட்கக்கூட இல்லை. ஷு லாவ்ஷியே வலது மூலையில் எழுதினார். என் அட்டவணையில் பாக்கியத்தின் பெயருக்கு நேரே காலியாக இருந்த 'அழகான பிழை' பத்தியில் முதல் அடையாளம் விழுந்தது. பரீட்சைக்குள் அது ஆறானது. வேறு யாரும் அதற்குள் அத்தனை பெறவில்லை.

பரீட்சை ஒரு வியாழக்கிழமை, காலை பத்து மணி. வெளியிலிருந்து ஒரு சீனப் பரீட்சகர் வந்திருந்தார். கண்ணாடி போட்ட, சிரிக்காத மனிதர். படிப்பித்தவர்கள் உள்ளே போகக்கூடாது. நானும் ஷு லாவ்ஷியும் கதவுக்கு வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஒருவருக்குப் பன்னிரண்டு நிமிடம். பாக்கியம் போகும்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "தூசியா வாயான்னு பார்த்துருவோம்" என்றார்.

முதலில் நாற்பது வாக்கியங்களின் ஓட்டம் கேட்டது. பிறகு பரீட்சகரின் குரல், ஒரு கேள்வி. பிறகு ஒன்றுமில்லை. நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முப்பது வினாடி. நாற்பது. ஷு லாவ்ஷியின் கை போத்தலுக்குப் போனது. போத்தலைத் திறக்காமல் என் கையைப் பிடித்தார்.

உள்ளேயிருந்து பாக்கியத்தின் குரல், வகுப்பறைக் கூரையை அதிரவைத்த அதே உயரத்தில்: "எனக்கு விளங்கவில்லை! தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள்!"

பரீட்சகர் இன்னொரு தடவை சொன்னார். மறுபடி பாக்கியம்: "விளங்கவில்லை! மெதுவாக!" பரீட்சகர் மூன்றாவது தடவையும் கேட்டார். அதற்குப் பிறகு பேச்சு போனது. தட்டித் தடுமாறி, நின்று, மறுபடி எழுந்து போனது. அந்தப் பன்னிரண்டு நிமிடம் பத்தொன்பது நிமிடம் ஆனது. கடைசியில் ஒரு ஆண் சிரிப்பு கேட்டது.

வெளியே வந்தவரைச் சுவரோரம் இழுத்துப்போய்க் கேட்டேன். "என்ன கேட்டாரு?"

"அதேதான் டீச்சர். சுத்தி வளைச்சுக் கேட்டாரு, அதான் மூணு தடவ சொல்ல வச்சேன். தொழிற்சாலையில வேல செய்றவங்க என்ன தேயில குடிப்பாங்கன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். நல்ல தேயில உங்க நாட்டுக்குப் போகுது. எங்க வீட்டுல தூள். எனக்கு அது பிடிக்கல. ஆனா இஞ்சி போட்டா நல்லா இருக்கும். வந்தா தர்றேன்னு. எத்தன பிழைன்னு தெரியல."

நிறையப் பிழை. பெறுபேறு வந்தபோது முதல் இடம் ஃபஸ்னாவுக்கு. பாக்கியத்துக்கு நடுவில் ஒரு சித்தி. அது போதுமாக இருந்தது. மார்கழி முதல் திங்கட்கிழமை வேலை நிரந்தரமானது. டீமேக்கர் அவருக்கு ஒரு பெயர்ப்பட்டியும் கொடுத்தார். பிறகு ஒருநாள் போயிருந்தபோது பார்த்தேன்: உருட்டும் இயந்திரத்தின் பக்கத்தில் நாற்பது வாக்கியங்களையும் நிறுத்திவிட்டு, "இப்போது நீங்கள் கேளுங்கள்" என்று பயணிகளிடம் சொல்கிறார். சுற்றின் கடைசியில், நிர்வாகத்தின் சம்மதத்தோடு, நல்ல தேயிலைக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கோப்பை இஞ்சித் தூள் தேநீரும் கொடுக்கிறார்கள். அதற்குத்தான் கூட்டம்.

ஷு லாவ்ஷி தன் நாட்டுக்குத் திரும்பிப் போனார். நான் ஓய்வுபெற்ற நாள் ஒரு வெள்ளிக்கிழமை, நல்ல வெயில். பிரியாவிடைக்கு பாக்கியம் ஹுன்னஸ்கிரியவிலிருந்து கேத்தலும் இஞ்சியுமாக வந்து இறங்கினார். நிலையத்து பிளாஸ்கைத் தூக்கி அலுமாரிக்கு மேல் வைத்துவிட்டு எல்லாருக்கும் அவரே தேநீர் போட்டார். எல்லாரும் என்னிடம், எப்படி இருக்கிறது டீச்சர், கவலையாக இருக்கிறதா என்று கேட்டார்கள். "சந்தோஷமாத்தான் போறேன். எல்லாம் நல்லா இருக்கு" என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன்.

பாக்கியம் ஒரு புதுக் கொப்பியை என் முன்னால் வைத்தார். "எழுதுங்க டீச்சர். நாலு வரி."

மூன்றை உடனே எழுதினேன். வெயில் நல்லது. மாணவர்கள் நல்லவர்கள். தேநீர் நல்லது. நாலாவதில் பேனா நின்றது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். எழுதினேன். சின்னக் குரலில் வாசித்தேன்: "போவதற்கு எனக்குப் பிடிக்கவில்லை."

"எனக்கு விளங்கவில்லை" என்றார் பாக்கியம் சீனத்தில், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு. "தயவுசெய்து இன்னொரு தடவை சொல்லுங்கள்."

சொன்னேன்.

"விளங்கவில்லை. சத்தமாக!"

மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன். கூரை அதிர்ந்தது. சொல்லி முடித்தபோது உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

ஃபஸ்னா, நீங்கள் கேட்ட ஒரு பக்கம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஐந்து முகங்களை எடுத்துவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒராள் விடாமல் எல்லாரும் ஐந்தாவது முகத்தைத் தொட்டால், மேலே இருப்பவர்களுக்கு அறிவிப்பதற்கு முன்னால், நிலையத்துத் தேநீரை ஒரு வாய் குடித்துப் பாருங்கள்.